சட்டிக்குப் போகாத கெளுவாங்

எழுபதுகளில் மலேசியாவில் ஈப்போவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் குடியிருந்தோம். என் கணவருக்கு மூச்சிரைக்கும் இளைப்பு நோய். கெளுவாங் என்று நாங்கள் சொல்லும் பெரிய பழந்தின்னி வௌவாலைக் கறி வைத்துத் தின்றால் இளைப்பு போய்விடும் என்பது தோட்டத்து நம்பிக்கை.

ஒருநாள் காலையில் என் கொழுந்தன் உயிரோடு ஒன்றைச் சாக்கில் கொண்டுவந்தான். "அண்ணி, அண்ணனுக்கு மருந்து!"

மசாலா அரைத்து வைத்துவிட்டுச் சாக்கைப் பிரித்தேன். நாய் முகம், பெரிய கண்கள். இறக்கைக்குள்ளே ஒரு குட்டி, தாயின் அக்குளில் வாய்வைத்துப் பால் குடித்துக்கொண்டிருந்தது. என் இடுப்பிலும் கைக்குழந்தை.

"என்னால முடியாதுலா," என்றேன்.

கணவர் எட்டிப் பார்த்தார். சாக்கோடு தூக்கிப்போய் ரம்புத்தான் மரக்கிளையில் வௌவாலைத் தொங்கவிட்டார். சற்று நேரத்தில் அது கட்டைவிரல் நகங்களால் கிளையைப் பற்றி, தலையை மேலே நிமிர்த்தி, தன்மேல் படாமல் சிறுநீர் கழித்தது. பிறகு மறுபடியும் தலைகீழாகி, குட்டியை இறக்கையால் போர்த்திக்கொண்டது.

"நம்மளவிட சுத்தம்லா இது!" இளைப்பையும் மறந்து அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

அரைத்த மசாலாவில் முட்டைக் குழம்பு வைத்தேன். அந்தியில் கெளுவாங் பறந்துபோனது. மறுநாள் எதிர்வீட்டு அக்கா, "மருந்து கேக்குதா தம்பி?" என்று விசாரித்தார்.

"நல்லா கேக்குதுக்கா, சட்டியில போடாம இருந்தா," என்றார் என் கணவர்.

இளைப்பு அவரை விட்டுப் போகவில்லை. ஆனால் கெளுவாங் கூட்டம் தலைக்குமேல் போகும்போதெல்லாம், எதன் வயிற்றிலாவது குட்டி ஒட்டியிருக்கிறதா என்று இருவரும் அண்ணாந்து பார்ப்போம்.