மிக்சிக்குள் ஒளிந்த கவலை

குருசுக்குப்பத்து அமாவாசைக்கு மீன் இருக்கும் இடம் தெரியும். அதை வாய்க்குள் வைத்துக்கொள்ளத்தான் தெரியாது. வீட்டில் ஒன்று, படகில் ஒன்று என வயர்லெஸ் செட் வைத்திருந்தார். படகு செட்டை எடுத்து, பக்கத்துப் படகிலுள்ள மச்சான் கலைவாணனுக்கு, “மச்சான், கவலைடா! கனகசெட்டிக்குளத்துக்கு நேர் கெழக்கால, குமியலா கவலை!” என்று கத்துவார். மற்ற ஊரில் கவலை மனசில் இருக்கும். குப்பத்தில் அது வலையில் இருக்க வேண்டிய மீன்.

அதே குப்பத்துக் காத்தவராயன் மீன் பிடிப்பதோ காதால். கரையோரம் என்ஜினை அணைத்துவிட்டு, செட்டில் அமாவாசையின் குரலுக்காகவே காத்திருப்பார். குரல் வந்ததும் படகு பறக்கும். இந்தப் பருவமும் இப்படியே போனால் படகை விற்றுவிட்டு வாட்ச்மேன் வேலைக்குத்தான் போகணும் என்று அமாவாசை புலம்பாத நாளில்லை.

ஒருநாள் டீக்கடையில் காத்தவராயன் அமாவாசையிடமே கடுகடுத்தார். “உம் பொண்டாட்டி வூட்டு செட்டு பட்டன அமுக்கிப் புடிச்சிக்கினே சட்னி அரைக்குதுய்யா. நீ பேசுனது ஒண்ணும் காதுல வுழல.”

கலைவாணனுக்கு மட்டும் எல்லாம் தெளிவாகக் கேட்டிருந்தது. அமாவாசைக்குப் பொறி தட்டியது. ஒரே சேனலில் இரண்டு சத்தம் ஏறினால் பக்கத்தில் இருப்பதுதான் ஜெயிக்கும். மச்சானுக்கு இவர் பக்கம். கரையோரக் காத்தவராயனுக்கு மிக்சி பக்கம்.

அன்றே மனைவி அஞ்சலாட்சியோடு ஏற்பாடு ஆயிற்று. மீனைக் கண்டால் அவர் செட்டில், “அஞ்சலாட்சி, சாப்ட்டியா?” என்பார். உடனே அவள் வீட்டு செட்டின் பட்டனை அமுக்கிக்கொண்டு மிக்சியைப் போட வேண்டும். அந்த இரைச்சலுக்குள் அவர் மச்சானுக்கு இடத்தைச் சொல்லிவிடுவார்.

முதல் நாளே காத்தவராயன் துள்ளி எழுந்தார்.

“கட்டுன நாளுலேர்ந்து பொண்டாட்டிய சாப்ட்டியான்னு கேக்காதவன் கேக்கறான்! மீனு இருக்குதுடா!”

இடம் தெரியாவிட்டால் என்ன? அமாவாசை போன திக்கில் விட்டார் படகை. பாதி மீன் போயிற்று.

“தெனம் கேளுய்யா,” என்றாள் அஞ்சலாட்சி. “மீனு இருந்தாலும் கேளு, இல்லாட்டியும் கேளு. நான் அரைக்கிறேன்.”

அமாவாசை தினமும் கேட்டார். வெறுங்கடலுக்கு ஓடி ஓடி டீசல் தீர்ந்த காத்தவராயன், கடைசியில் தன் வலையைத் தானே வீசப் பழகிக்கொண்டார். அமாவாசையின் படகு விலை போகாமல் தப்பியது. வீட்டில் மூன்று வேளையும் சட்னி.

பருவம் முடிந்த ஒரு மத்தியானம், வாசலில் வலை பின்னிக்கொண்டிருந்த அமாவாசைக்கு என்ன தோன்றியதோ, உள்ளே பார்த்து மெதுவாகக் கேட்டார்: “அஞ்சலாட்சி, சாப்ட்டியா?”

உள்ளே மிக்சி ஓட ஆரம்பித்தது.