வாய் தைக்காத தலகாணி

எங்க கடையில சின்னப் பிள்ளைக வரையுத படத்தத் துணியில அச்சடிச்சு, தலகாணி, பைன்னு தச்சுக் குடுப்போம். பொறந்தநாளு, கல்யாணநாளுன்னு ஆளுக வாங்கிட்டுப் போய் பரிசாக் குடுப்பாவ. தைக்கிறது எங்க அக்கா. அச்சடிக்கிறது நான். நமக்குப் படிப்பு பத்தாங்கிளாசோட நின்னு போச்சு. அதுவா நிக்கல, கணக்கு வாத்தியாரு கையெடுத்துக் கும்பிட்டு நிப்பாட்டினாரு.

ஹீட் பிரஸ்ஸுன்னா இஸ்திரிப் பொட்டிக்கு அண்ணன்னு வச்சுக்கிடுங்க. படத்த மொதல்ல தாள்ல எடுக்கணும், அதுவும் கண்ணாடியில பாக்க மாதிரி இடவலமாத் திருப்பி. தாள்ல கலரு செத்த மீனு மாதிரி வெளிறிப் போயிக் கெடக்கும். அதத் துணி மேல கவுத்தி மெஷின்ல வச்சு அமுக்கி எடுத்தா, சூடு பட்ட பொறவுதான் கலரு முழிச்சுப் பாக்கும். ஒருநாளு திருப்ப மறந்துட்டேன். ஒரு பையனோட பேரு தலகாணியில இடவலமா மாறிப் போச்சு. அவங்க அம்மைகிட்ட, "இது கண்ணாடி முன்னால வச்சுப் படிக்கிற மாடல் மதினி"ன்னு சமாளிச்சேன். அக்கா அளவு டேப்பால முதுகுல போட்டா.

பிள்ளைக வரையுததப் பாத்தா நம்ம வாயி சும்மா இருக்காது. ஒருத்தன் அவங்க அப்பாவ மூணு காலோட வரஞ்சிருந்தான். "ஏலே, உங்கப்பா என்ன முக்காலியா?"ன்னு கேட்டேன். "அது அப்பா இடுப்புல கட்டுன சாரத்து நுனி மாமா"ன்னு மொறைச்சான். இன்னொரு பிள்ள அவ டீச்சருக்கு மீசை வச்சிருந்தா. ஏன்னு கேட்டதுக்கு, "நெசமாவே இருக்கு"ங்கா. பொழப்பு இப்படித்தான் சிரிச்சிட்டுப் போச்சு.

மழைக்கால ஆரம்பத்துல ஒரு மதினி பிள்ளையக் கையில புடிச்சிட்டு வந்தாவ. ஒண்ணாங்கிளாஸ் படிக்கிற பொம்பளப் பிள்ள. அவ அப்பா மாலித் தீவுக்குப் போற தோணியில வேல பாக்காவ. வெங்காயம், காய்கறி, கல்லுன்னு ஏத்திட்டு இங்கன இருந்து போயிட்டு வார தோணி. இப்பம் போயிருக்கிற நடை முடிஞ்சு வந்த உடனே அவருக்குப் பொறந்தநாளு. அதுக்கு மக வரஞ்ச படத்தப் போட்டு ஒரு தலகாணி வேணும்.

படத்த விரிச்சேன். ஒரு தோணி. தோணியில ஒரே ஒரு ஆளு. அந்த ஆளு தலை தோணிய விடப் பெருசு. கீழ கடலு. கடலு பூராவும் கறுப்பு. சும்மா தீத்துன கறுப்பு இல்ல, தாளு கிழிஞ்சிருமோன்னு அமுக்கி அமுக்கித் தேச்ச கறுப்பு.

"ஏளா, இது கடலா, தார் ரோடா? உங்கப்பா தோணியில போறாரா லாரியில போறாரா?"

"நீலம் தீந்துட்டு"ன்னா. அவ்வளவுதான். அதுக்கு மேல ஒரு காரணமும் இல்ல.

நான் சிரிச்சேன். மதினி சிரிக்கல. "தம்பி, கம்ப்யூட்டர்ல இத நீலமா மாத்திரலாம்லா?"ன்னாவ. மாத்துறது ஒரு நிமிஷ வேல. ஆனா அந்தப் பிள்ள தாளப் புடுங்கி நெஞ்சோட வச்சுக்கிட்டு, நான் வரஞ்சதுதான் அப்பாவுக்குன்னு ஒரே அழுகை. ரோட்டுல போற ஆளுக நின்னு பாக்காவ. கடைசியில மதினி, "சரி, அப்படியே போடுங்க"ன்னாவ. சொல்லும்போது படத்தப் பாக்கல, என்னையப் பாத்துச் சொன்னாவ.

பொறவு அக்காகிட்ட பையச் சொன்னாவ. "யக்கா, பஞ்ச அடைச்சிருங்க. ஆனா வாயத் தச்சு முடிச்சிராதிய. ஒரு சாண் விட்டுருங்க. கடல்ல நிக்கிற ஆளுக்குத் தைக்கிறத முழுசா முடிக்கக் கூடாது. அவிய கரையேறுன பொறவு வந்து முடிச்சுக்கிடுதேன். எங்க வீட்டுல அப்படித்தான், சட்டை தச்சாக்கூட கடைசிப் பித்தான வைக்க மாட்டோம்."

"எதுக்கு மதினி சிரமம்? ஒரு ஜிப்பு வச்சிரட்டா? அண்ணன் போனாத் தொற, வந்தா மூடு."

"வெளையாடாதிய தம்பி"ன்னாவ. அக்கா என் காலை மிதிச்சா.

அந்தப் படத்த அமுக்கி எடுத்தப்பம் எனக்கே ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. தாள்ல சாம்பலு மாதிரி கெடந்த கறுப்பு, துணியில ஏறுன உடனே ஈரமா, இப்பம்தான் ஊத்துன மாதிரி மினுங்குது. தோணி கொஞ்சம் கீழ எறங்குன மாதிரித் தெரிஞ்சுது. மை அதிகம், வேற ஒண்ணும் இல்லைன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அக்கா தச்சு, பஞ்சு அடைச்சு, வாய விட்டு, மேல் தட்டுல வச்சா. அது அங்கன கெடந்து வாயப் பொளந்துக்கிட்டு எங்களையே பாத்துச்சு.

தோணி போய் கொஞ்ச நாள்ல காத்து மாறிச்சு. துறைமுகத்துல எச்சரிக்கைக் கூண்டு ஏத்திட்டாவ. மொதல்ல ஒண்ணு, பொறவு மூணு. முன்னால பின்னால கெளம்புன தோணியெல்லாம் திரும்பி வந்து ஒண்ணையொண்ணு ஒட்டிக்கிட்டு நிக்கி. இந்தத் தோணி வரல. மாலிக்குப் போய்ச் சேந்ததாவும் தகவல் இல்ல. வயர்லெஸ்ல கூப்பிட்டாப் பதில் இல்ல.

மதினி தெனமும் தோணி முதலாளி ஆபீசுக்குப் போய்க் கேட்டுட்டு, திரும்பி வாரப்ப எங்க கடையில ஏறுவாவ. தலகாணிய எடுத்துக் குடுங்கன்னு கேக்க மாட்டாவ. தட்டுப் பக்கம் எட்டிப் பாப்பாவ. வாயி தொறந்து இருக்கான்னு ஒரு பார்வ. இருந்தா ஸ்டூல்ல உக்காந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போயிருவாவ.

நான் இதையெல்லாம் நம்புற ஆளு இல்ல. ஆனா காலையில ஷட்டரத் தூக்குன உடனே மொத வேலையா அந்தத் தலகாணி வாயப் பாப்பேன். எலி கிலி பஞ்ச இழுத்துரக் கூடாதுல்லா, அதுக்குத்தான்.

டீக்கடையில ஒரு அண்ணாச்சி சொன்னாரு: "வெளியூரு கப்பக்காரன் பாத்துருக்கான்டே. கடல்ல மூட மூடையா வெங்காயம் மெதக்குதாம்."

"எல்லாத் தோணியிலயும் வெங்காயம்தான் அண்ணாச்சி போவுது. வெங்காயத்துல பேரா எழுதியிருக்கு?"ன்னேன். எல்லாரும் சிரிச்சாவ. நான் டீயப் பாதியில வச்சிட்டு எந்திரிச்சேன். கடைக்கு வந்து அக்காகிட்ட சொன்னேன். "அவகிட்ட இதச் சொன்னன்னா நாக்க அறுத்துருவேன்"ன்னா. சொல்ல வேண்டிய தேவையே வரல. அன்னைக்கு மதினி வந்து ஸ்டூல்ல உக்காந்து, "கடைத்தெருவுல வெங்காயத்தக் கண்டாத் திரும்பி நடந்துருதேன் அக்கா"ன்னாவ. அவியளுக்கு எங்களுக்கு முன்னாலயே சேதி வந்துட்டு.

பிள்ளைக்கு எதுவும் சொல்லல. பள்ளிக்கூடம் லீவு. அதனால மதினி ஆபீசுக்குப் போறப்ப அவளக் கடையில விட்டுட்டுப் போவாவ. சும்மா இருக்க மாட்டா. அக்கா ஒரு வெட்டுத் துணியும் ஊசியும் குடுத்து ஓட்டுத் தையலு சொல்லிக் குடுத்தா. நல்லாவே புடிச்சுக்கிட்டா. "ஏளா, நீ தைக்கிறது ரயில் தண்டவாளம் மாதிரில்லா வளையுது"ன்னு நான் கிண்டல் பண்ணுவேன். "நீங்க தைங்க பாப்போம்"பா. எனக்கு ஊசியில நூலு கோக்கவே வராது.

ஒருநா மத்தியானம். மெஷின்ல நான் டவல் அமுக்கிட்டு நிக்கேன். அக்கா தையல் மெஷின்ல குனிஞ்சிருக்கா. ரெண்டு சத்தத்துக்கும் நடுவுல பிள்ள சத்தமே இல்ல. பிள்ளைக சத்தமில்லாம இருந்தா என்னமோ நடக்குன்னு அர்த்தம். திரும்பிப் பாத்தேன். ஸ்டூல் மேல ஏறி தட்டுல இருந்து தலகாணிய எறக்கி மடியில வச்சிருக்கா. ஒரு சாண் வாயையும் செவப்பு நூலால கோணக்கோணலாத் தச்சு, கடைசி முடிச்சப் பல்லால கடிச்சிக்கிட்டு இருக்கா.

"என்னளா பண்ணின?"

"பஞ்சு கொட்டுது மாமா. தண்ணி உள்ள போயிரும்லா"ன்னா.

அக்கா எந்திரிச்சா. "பிரிக்கணும், வெரசலாப் பிரிக்கணும்"னு கத்திரியத் தேடுதா. கையில இருக்கிற கத்திரியவே தேடுதா. அதுக்குள்ள வாசல்ல செருப்பு விடுற சத்தம்.

மதினி உள்ள வந்து பாத்தாவ. அழல. பிள்ளைய அடிக்கல. தரையில அப்படியே உக்காந்து, தலகாணிய வாங்கி, ஒவ்வொரு தையலா நகத்தால இழுத்துப் பிரிச்சாவ. நகம் முறிஞ்சு போச்சு. அக்கா கத்திரிய நீட்டுனா, வாங்கல. "ஏம்மா பிரிக்கிய? நான் நல்லாத்தான தச்சேன்?"னு பிள்ள கேட்டுக்கிட்டே இருக்கா. நல்லாத்தான் தச்சிருந்தா. அதுதான் பிரிக்க அவ்வளவு நேரம் ஆச்சு. மெஷின்ல இருந்த டவல நான் மறந்துட்டேன். அது பழுத்து, தீஞ்சு, கடை பூராவும் பொகை.

அதுக்கப்புறமும் தகவல் இல்ல. கடை இருட்டிக் கெடந்த மாதிரி இருந்துச்சு. நான் யாரையும் கிண்டல் பண்ணல. வந்த பிள்ளைக எல்லாம், "மாமாவுக்குக் காய்ச்சலா?"ன்னு கேட்டுதுக.

பொறவு ஒருநா ஆபீசுல இருந்து சேதி வந்துச்சு. தோணி இருக்கு. எஞ்சின் நின்னு போயி, காத்து எங்கயோ இழுத்துட்டுப் போயிருக்கு. பாரம் கொறையட்டும்னு வெங்காய மூடைய எல்லாம் கடல்ல தள்ளியிருக்காவ. மேக்க ஒரு தீவுல ஒதுங்க, அந்த ஊரு ஆளுக தோணியக் கட்டி வச்சிருந்து, பொறவு கொச்சியில கொண்டு சேத்துட்டாவ. எல்லாரும் உசுரோட இருக்காவ. பிரிச்சதாலதான் வந்தாவளான்னு என்கிட்ட கேக்காதிய. எஞ்சின் நின்னது பிள்ள ஊசி எடுக்கதுக்கு ரொம்ப முன்னால.

மதினி வீட்டு அண்ணன் பஸ்ஸுல வந்து எறங்குன மறுநாளே மூணு பேரும் பைக்குல கடைக்கு வந்தாவ. ஆளு பாதியா எளச்சு, மூக்குத் தோலு உரிஞ்சு, ஒதடு வெடிச்சிருந்துச்சு. படத்தப் பாத்துட்டு, "என் தலை தோணிய விடப் பெருசா இருக்கே"ன்னு சிரிச்சாவ.

"பிள்ள பாத்ததத்தான வரையும் அண்ணே"ன்னேன். ரொம்ப நாளைக்கப்புறம் என் வாயி தொறந்துச்சு. பிள்ள அவரு கால்ல ஏறி நிக்கா. மதினி மொத தடவையா ஸ்டூல்ல சாஞ்சு உக்காந்து, "முடிச்சிருங்கக்கா"ன்னாவ.

அக்கா ஊசியில நூலு கோத்து, துணி ரெண்டையும் சேத்துப் புடிச்சா. அப்பம் அண்ணன் போன் அடிச்சுது. வெளிய போய்ப் பேசுனாவ. ஆனா எங்க கடைக்கு வெளியன்னா ஒரு எட்டுதான், எல்லாம் கேக்கும். "நாளைக்கேவா?... ஆளு கொறையுதா?... சரி அண்ணாச்சி, வாரேன்."

உள்ள வந்தாவ. "தண்டலு பேசுனாரு. நம்ம தோணி ரிப்பேர்ல நிக்கில்லா, வேற தோணியில கூப்பிடுதாரு"ன்னு மதினியப் பாக்காம சொன்னாவ. தண்டலுன்னா தோணிக்குத் தலைவரு. அவரு கூப்பிட்டப்பம் போவலன்னா அடுத்தாப்புல கூப்பிட மாட்டாரு.

மதினி எந்திரிச்சு வந்து அக்கா கை மேல கைய வச்சாவ. ஊசி துணியில பாதி ஏறி நிக்கி.

"விட்டுருங்கக்கா."

"ஏளா, இப்பம் கரையிலதான நிக்காரு? ரெண்டு இழுப்பு, முடிஞ்சிரும்."

"விட்டுருங்க."

"கோட்டி புடிச்சவ மாதிரிப் பண்ணாத. பிள்ள ஆசைப்படுதுல்லா, தைக்கட்டும்"னாவ அண்ணன். மதினி ஊசிய அவியளே பைய வெளிய உருவி, அக்கா கையில குடுத்தாவ.

பைக்குல பிள்ள நடுவுல. மதினி பின்னால உக்காந்து, தலகாணிய மடியில வச்சிருந்தாவ. ரோட்டுல காத்து அள்ளிட்டுப் போவுது. பஞ்சு பறந்துராம அந்த ஒரு சாண் வாய ஒரு கையால இறுக்கிப் புடிச்சிருந்தாவ. தெருமுக்குல பைக்கு திரும்புத வரைக்கும் அந்தக் கைய எடுக்கல.