என் காலை மடியில் வைத்துக்கொண்டவர்

போன சித்திரையில், நாமக்கல்லில் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த நாட்களில் நடந்தது இது. என் வீட்டுக்காரர் லாரி டிரைவர். குஜராத் பக்கம் லோடு ஏற்றிக்கொண்டு போனால் திரும்பி வர ஒரு மாதம்கூட ஆகும். ஒரே மகளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்துவிட்டோம். வீட்டில் நானும் டிவியும் பிரஷர் மாத்திரையும்தான்.

பிரஷர் குறையவில்லை என்று ஆஸ்பத்திரியில் அம்லோடிபின் மாத்திரையின் அளவைக் கூட்டியிருந்தார்கள். தலைச்சுற்றல் என்னவோ நின்றது. ஆனால் சாயங்காலமானால் இரண்டு பாதமும் பொதபொதவென்று வீங்கின. செருப்பு நுழையவில்லை. கிட்னி போய்விட்டது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். யாரிடமும் மூச்சு விடவில்லை. மகள் தினமும் வீடியோ காலில் வருவாள். அதில் முகம்தானே தெரியும்? "நல்லாருக்கேன் சாமி" என்று சிரித்துவிட்டு, காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துப் படுத்துக்கொள்வேன். வீக்கத்தைவிட, அதைப் பார்த்து என்ன ஆச்சு என்று கேட்க வீட்டில் ஆள் இல்லாததுதான் எனக்குப் பெரிய வலி.

என் மெட்டி இப்போது வருகிற வாய் திறந்த மாதிரி அல்ல. கல்யாணத்துக்கு மாமியார் சேலத்தில் சொல்லிச் செய்த கனமான முழு வளையம். ஒரு நாள் காலையில் பார்த்தால், வலது கால் விரல் உப்பி, மெட்டி உள்ளே புதைந்து, நுனி கருநீலமாகியிருந்தது. சோப்பு போட்டுப் பார்த்தேன், கழற்ற அல்ல, கொஞ்சம் நகர்த்தத்தான். அசையவே இல்லை. பயந்துபோய் பஸ் ஏறினேன்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். இந்த மாத்திரையால் சிலருக்குக் கால் வீங்கும், வேறு மாத்திரை எழுதித் தருகிறேன், நீங்களாக எதையும் நிறுத்திவிடக் கூடாது என்றார். கிட்னிக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடலாம் என்றார். அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் அடுத்ததைச் சொன்னார். மெட்டியை உடனே அறுக்க வேண்டும், தாமதித்தால் விரலுக்கே ஆபத்து.

மனுஷன் எந்த ரோட்டில் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறாரோ, நான் இங்கே உட்கார்ந்து மெட்டியை அறுப்பதா? அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று போன் போட்டேன். ஸ்விட்ச் ஆஃப். மறுபடியும் போட்டேன். அதேதான். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஊரே பார்க்க அழுதேன்.

பக்கத்தில் ஒரு வயதான அம்மா மாத்திரைப் பையோடு உட்கார்ந்திருந்தார். வெறும் நெற்றி, வெறும் கால் விரல்கள். என்னவென்று விசாரித்தார். சொன்னேன். குனிந்து என் விரலைப் பார்த்தார்.

"என்ற மெட்டி அவரு போற நாள் வரைக்கும் காலுலதான் இருந்துச்சு அம்மிணி. அது அவரைப் புடிச்சா வெச்சுது? நீ போயி விரலைக் காப்பாத்திக்க."

உள்ளே போனபோது, கால் ஆடாமல் இருக்க யாராவது பிடித்துக்கொள்ளுங்கள், கூட வந்தவங்க யாரு என்று நர்ஸ் கேட்டார். யாரும் இல்லை என்றேன். அந்த அம்மா வாசலில் வந்து நின்றார். கையை நீட்டியவர், பாதியில் இழுத்துக்கொண்டார்.

"நான் தொட்டாப் பரவால்லீங்களா?"

அதுவரை 'நீ' என்று பேசியவர், அந்த ஒரு கேள்விக்கு மட்டும் 'ங்க' போட்டார். அவர் கையை எடுத்து நானே என் கால் மேல் வைத்தேன். அவர் தரையில் உட்கார்ந்து என் பாதத்தை மடியில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். நர்ஸ் அறுக்க, மெட்டி இரண்டு துண்டானது.

அவர் எழுந்தபோதுதான் கவனித்தேன். அவர் பாதமும் என்னுடையதைப் போலவே வீங்கியிருந்தது. பையைப் பார்த்தேன், நான் சாப்பிட்ட அதே மாத்திரை அட்டை. நீங்களும் டாக்டரிடம் காட்டுங்கள் என்று கெஞ்சினேன்.

"பாக்கலாம் அம்மிணி. சேந்தமங்கலம் பஸ்ஸை உட்டா அப்புறம் நேரமாயிரும்."

கட்டுப் போட்டு நான் வெளியே வருவதற்குள் போய்விட்டார். பெயர்கூடக் கேட்கவில்லை.

மத்தியானம் என் வீட்டுக்காரர் கூப்பிட்டார், சார்ஜ் தீர்ந்துவிட்டதாம். பயந்து பயந்து விஷயத்தைச் சொன்னேன். "மெட்டி கெடக்குது போ, காலு எப்படி இருக்குது?" என்றார். எத்தனையோ நாளாக நான் காத்திருந்த கேள்வி அது.

ரத்தப் பரிசோதனையில் கோளாறு எதுவும் இல்லை. மாத்திரை மாற்றிய பிறகு வீக்கம் வடிந்தது. இப்போது வாய் திறந்த மெட்டி போட்டிருக்கிறேன். காலையில் அதைச் சரிசெய்யக் குனியும்போதெல்லாம், சேந்தமங்கலத்தில் ஏதோ ஒரு வீட்டில், கேட்க ஆளில்லாமல் தலையணை மேல் தூக்கி வைத்திருக்கும் அந்த இரண்டு பாதங்கள்தான் என் கண்ணில் நிற்கின்றன.