பந்தலுக்கு இடம் இருந்தது

வீட்டில் எல்லோருக்கும் அவள் சின்னவள். நாற்பது தாண்டியும் சின்னவள்தான். அப்பா முன்பே போய்விட்டார். அம்மாவும் போன பிறகு அண்ணன் வீட்டிலேயே தங்கிவிட்டாள். இரண்டு முறை வரன் வந்தது. முதல் முறை அண்ணிக்குப் பிரசவ நேரம். அடுத்த முறை, அண்ணி பள்ளிக்கூட ஆபீஸ் வேலைக்குத் திரும்பியிருந்தாள், குழந்தையைப் பார்க்க ஆள் இல்லை. "இப்ப என்ன அவசரம்" என்றார் அண்ணன். அதற்குப் பிறகு அவள் விஷயத்தில் யாரும் அவசரப்படவில்லை.

அந்தக் குழந்தையை வளர்த்தது அவள்தான். குளிப்பாட்டி, சோறூட்டி, தலை பின்னி, பரீட்சை நாட்களில் பக்கத்தில் உட்கார்ந்து கொட்டாவி விட்டு, பள்ளிக்கூட வாசல்வரை பையைத் தூக்கிக்கொண்டு போய் வந்தவள். பெண்ணுக்குப் பதினைந்து வயதாகியும் தலையை அத்தைதான் பின்ன வேண்டும். அண்ணி பின்னினால் வலிக்கும்.

அண்ணன் ஏ.சி. ரிப்பேர் கடை வைத்திருந்தார். பார்சல் ஏற்றி ஓய்ந்துபோன ஒரு வேனை வாங்கி, உள்ளே கட்டில் அடித்து, காஸ் அடுப்பு வைத்து, விடுமுறை வந்தால் குடும்பத்தோடு கிளம்பிவிடுவார். ஊருக்கு வெளியே ஏரிக்கரையில் இப்படிப்பட்ட வண்டிகள் வந்து தங்குவதற்கென்றே ஒரு மைதானம். வேனின் பின்பக்கத்து அகல மெத்தை அண்ணனுக்கும் அண்ணிக்கும். அதற்கு மேல் பலகை அடித்து மகளுக்கு ஒரு படுக்கை. மிச்சம் இருந்த இடத்தை அடுப்பும் ஐஸ் பெட்டியும் தண்ணீர் கேனும் பிடித்துக்கொண்டன.

சின்னவள் வெளியே படுப்பாள். வேனின் பக்கவாட்டில் ஒரு பந்தல் உண்டு. கெட்டித் துணியின் ஒரு விளிம்பை வண்டிக் கூரையோரத்துக் காடியில் நுழைத்து இழுத்து, மறு விளிம்பை இரண்டு அலுமினியக் கம்பங்களில் ஏற்றி, கயிறு கட்டி முளை அடிக்க வேண்டும். அதன் நிழலில் பகலில் எல்லோரும் சாப்பிடுவார்கள், ராத்திரி அவளுடைய மடக்குக் கட்டில் அங்கே விரியும். "எங்க வீட்லயே காத்தோட்டமான ரூம் இவளுக்குத்தான்" என்று பக்கத்து வண்டிக்காரர்களிடம் அண்ணன் சொல்லிச் சிரிப்பார். அவளும் கூடச் சிரிப்பாள்.

ஒரு விடுமுறைக்குப் போனபோது பந்தல் புதுசு. முன்பக்கத் தடுப்பில் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் ஜன்னல் வைத்தது. மடித்தால் ஜன்னல் வெடித்துவிடும் என்று கடைக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். வழியெல்லாம் அண்ணன் அதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.

சாயங்காலம் ஏரிக்கு அந்தப் பக்கம் வானம் கறுத்தது. மைதானத்துக் காவல்காரர் ஒவ்வொரு வண்டியாக வந்து சொன்னார்.

"இன்னிக்கி காத்து பலமா இருக்குமாம். பந்தல் போட்டிருக்கவங்க கழட்டி வச்சிருங்க. அப்புறம் என்னையக் குத்தம் சொல்லக் கூடாது."

சின்னவளுக்கு வேறு யோசனை. "ஒரு பக்கக் கம்பத்த எறக்கிட்டா தண்ணி நிக்காம வழிஞ்சிரும் அண்ணா. பக்கத் தடுப்பக் கழட்டிட்டா காத்து உள்ள பூந்து தூக்காது. மேல குறுக்க ஒரு பட்டையப் போட்டு ரெண்டு பக்கமும் இறுக்கிக் கட்டிரலாம். நான் கீழதான இருக்கேன், பாத்துக்கிறேன்."

"பிச்சுக்கிட்டுப் போச்சுன்னா நீ பாத்து என்ன பண்ணுவ? புடி அந்தப் பக்கம்."

கழற்றி முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. துணி இருவர் கையிலும் நிற்காமல் துள்ளியது. ஈரத்தோடு சுருட்டினால் பூஞ்சை பிடிக்கும், மடித்தால் ஜன்னல் வெடிக்கும். அண்ணன் யோசித்துவிட்டு, முன்பக்க இருக்கைகள் இரண்டையும் சாய்த்து, துண்டு விரித்து, அதன்மேல் துணியைச் சுருக்கம் இல்லாமல் பரப்பினார். ஜன்னல் பகுதிக்கு அடியில் தலையணை ஒன்றைக் கொடுத்தார். அது சின்னவளின் தலையணை.

அவள் கதவருகே சொட்டச் சொட்ட நின்றாள். உள்ளே கால் வைக்க இடம் இல்லை என்பது அவளுக்கும் தெரிந்தது.

"நீ அந்த பாத்ரூம் கட்டடத்துல போய் உக்காந்துக்க" என்றார் அண்ணன். "கான்கிரீட்டு. நெசமாச் சொன்னா இந்த வண்டிய விட அதான் பத்திரம்."

"சித்த நேரத்துல விட்டுரும்" என்றாள் அண்ணி, மெத்தையிலிருந்து எழாமல். "குடை வேணும்னா எடுத்துக்க. வேணாம், வளைஞ்சிரும்."

சின்னவள் தலையில் பிளாஸ்டிக் தொட்டியைக் கவிழ்த்துக்கொண்டு ஓடினாள். கட்டடத்துக்குள் சிறிது நேரம்தான் இருந்திருப்பாள். காற்றில் கதவுகள் அடித்துக்கொள்கின்றன, கீல் பிய்ந்துவிடும் என்று காவல்காரர் பூட்டுச் சாவியோடு வந்தார்.

"இங்கல்லாம் இருக்கக் கூடாதும்மா. உங்க வண்டி எங்க?"

"அங்க எடமில்லைங்க."

"எடமில்லாமயா கூட்டிட்டு வந்தாங்க? போம்மா, நான் பூட்டணும்."

திரும்பி வந்து வேனைத் தட்டினாள். முதலில் மெதுவாக, பிறகு உள்ளங்கையால். ஜன்னல் விரல் நுழையும் அளவு திறந்தது.

"பூட்டிட்டாங்க அண்ணா. ஒரு ஓரமா நின்னுக்கிறேன். உக்காரக்கூட வேணாம்."

அண்ணன் பின்னால் திரும்பிப் பார்த்தார். "கதவத் தொறந்தா தண்ணி மெத்தைக்கு வந்துரும்" என்று அண்ணியின் குரல் கேட்டது. அப்போது மேல்படுக்கையிலிருந்து அந்தப் பெண் சொன்னாள், தூக்கம் கலைந்த எரிச்சலோடு: "அத்த முழுசா நனைஞ்சிருப்பாங்கப்பா. உள்ள வந்தா எல்லாம் ஈரமாயிரும். எனக்கு நாளைக்கு சளி புடிக்கும்."

"கொஞ்சம் பொறுத்துக்க" என்று அண்ணன் ஜன்னலை மூடினார்.

வேறு வண்டிகளைத் தட்டலாம் என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. தட்டினால் அண்ணனின் மானம் போய்விடும். வேனுக்கு அடியில் நுழைந்து, சக்கரத்தை ஒட்டி, முழங்காலைக் கட்டிக்கொண்டு சுருண்டு படுத்தாள். தண்ணீர் புல்லோடு புல்லாக ஓடி வந்து அவளுக்கு அடியில் தேங்கியது. ஏரிப் பக்கம் எங்கோ ஒரு பந்தல் கிழியும் சத்தமும் கம்பங்கள் உருளும் சத்தமும் கேட்டன. தலைக்கு மேலே வண்டித் தரை கிரீச்சிட்டது. யாரோ புரண்டு படுத்தார்கள்.

காலையில் வானம் ஒன்றும் தெரியாததுபோல இருந்தது. அண்ணன் மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். நான்கைந்து வண்டிகளின் பந்தல் போயிருந்தது. ஒருவருடைய கம்பம் கொண்டை ஊசிபோல வளைந்திருந்தது. அவரிடம் உச்சுக் கொட்டிவிட்டு வந்த அண்ணனின் முகத்தில் கல்யாண வீட்டுக் களை.

"நல்லவேள, நம்ம துணிக்கு ஒண்ணும் ஆகல" என்றார். "ஒரு நூல் பிரியல பாரு."

பார் என்று அவர் சொன்னது சின்னவளிடம்தான். அவளுக்கு உதடு நீலம் பாரித்து, பல் கிட்டியிருந்தது. மகளுக்குத் தலை வாரவில்லை என்று அண்ணி நினைவுபடுத்தினாள். சின்னவள் டீ போட்டுக் கொடுத்து, தலையும் பின்னினாள். பிறகு துணியைக் காயப்போடச் சொன்னார்கள். புல்லில் விரித்து, ஒரு பக்கம் மட்டும் முளை அடித்தாள். மறுபக்கம் போவதற்குள் கண் இருட்டிக்கொண்டு வந்தது. சுத்தியலைப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்தாள்.

மிச்சம் இருந்த காற்று ஒரே ஒரு முறை வீசியது. துணி எழும்பி, முளைகளைப் பிடுங்கிக்கொண்டு, மைதானத்து முள்கம்பி வேலியில் போய் விழுந்தது. அண்ணன் ஓடிப் போய் எடுத்துப் பார்த்தார். ஜன்னல் குறுக்கே கிழிந்திருந்தது.

அவர் திரும்பி வந்து அவளை அறைந்தார். மைதானமே பார்த்தது. பக்கத்து வண்டிக்காரர் தன் மனைவியை உள்ளே போகச் சொன்னார்.

"கண்ணு தெரியலையா உனக்கு? ராத்திரி பூரா காப்பாத்தி வச்சத..."

"வேணும்னேதாம்பா விட்டாங்க" என்றாள் மகள். புதிதாகப் பின்னிய சடையை முன்னால் போட்டுக்கொண்டு நின்றாள். "நான் பாத்துட்டேதான் இருந்தேன். சும்மா உக்காந்திருந்தாங்க."

அறை வலிக்கவில்லை என்று சின்னவள் பின்னாளில் சொல்வாள். அந்தப் பெண்ணின் முகத்தில் பொய் சொல்கிற கூச்சம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தாளாம். இல்லை. அது உண்மை என்றே நம்பிச் சொல்லியிருக்கிறாள்.

வீடு வந்த மறுநாள் காய்ச்சல் ஏறியது. நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. பெரிய ஆஸ்பத்திரியின் பொது வார்டில் கிடந்தாள். அண்ணி ஒரே ஒரு முறை வந்தாள். ஆரஞ்சு வாங்கி வந்திருந்தாள். ஸ்டோர் ரூம் சாவி எங்கே என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, "ஒடம்பப் பாத்துக்க, அங்க எல்லாம் போட்டது போட்டபடி கெடக்கு" என்றாள்.

நடமாட முடிந்ததும் சின்னவள் வார்டில் படுக்கை விரிப்புகளை மடித்துக் கொடுக்க ஆரம்பித்தாள். சும்மா இருந்து பழக்கம் இல்லை. அதைக் கண்ட சலவைப் பிரிவுத் தலைவி, "எங்ககிட்ட வர்றியா, ரெண்டு ஸ்டாப் தள்ளித் தங்க ரூம் உண்டு" என்றாள். வீட்டுக்குப் போகாமலே வேலையில் சேர்ந்தாள்.

இந்த இடத்தில் அவள் நல்லவளாக ஆகிவிட்டாள் என்று சொல்ல ஆசைதான். ஆகவில்லை. சில வருடங்களில் சலவைப் பிரிவு அவள் கைக்கு வந்தது. பெண்கள் அவளைக் கண்டு நடுங்கினார்கள். முதுகுக்குப் பின்னால் 'கொதிகலன்' என்றார்கள். காய்ச்சலோடு வந்த ஒருத்தி கொஞ்சம் உட்கார்ந்துகொள்ளட்டுமா என்று கேட்டபோது, "உக்காந்தா யாரு மடிப்பா, உங்கம்மாவா?" என்றாள். அந்தப் பெண் நின்றபடியே மடித்து, மறுநாளிலிருந்து வரவில்லை. அதைப் பற்றிச் சின்னவள் வருத்தப்பட்டு யாரும் பார்க்கவில்லை.

ஒருநாள் மத்தியானம் அண்ணன் தேடி வந்தார். முடி கொட்டி, தோள் இறங்கியிருந்தது. அண்ணிக்கு இடுப்பு எலும்பு முறிந்துவிட்டதாம். மகள் கல்யாணமாகித் தூரத்தில் இருக்கிறாளாம், வர முடியாதாம்.

"நீ வந்துட்டா எல்லாம் சரியாயிரும்" என்றார். "உன் ரூம்தான, அப்படியே இருக்கு."

"ஷிப்ட் முடியட்டும் அண்ணா. அந்த பெஞ்சுல உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். குடிக்கத் தண்ணீர் கொடுக்கச் சொல்லி ஒரு பெண்ணையும் அனுப்பினாள். வேலை முடிந்ததும் கை கழுவி, சேலையைச் சரிசெய்து, சமையல் கட்டு வழியாகப் பின்வாசலில் இறங்கி நடந்தாள். ஆஸ்பத்திரி விளக்குகள் போட்ட பிறகும் அவர் உட்கார்ந்திருந்தாராம்.

"யாரு மேடம் அந்தப் பெரியவர்?" என்று மறுநாள் தண்ணீர் கொடுத்த பெண் கேட்டாள்.

"வார்டுக்கு வந்தவரா இருக்கும்" என்றாள் சின்னவள். பின்வாசல் பக்கம் பஸ்ஸே வருவதில்லை, அவ்வளவு தூரம் நடந்ததில் செருப்பு வார் அறுந்துவிட்டது என்று அலுத்துக்கொண்டாள்.