கொல்லையில் இருக்கிறான்

வேர்க்கடலைச் செடியைப் பிடுங்கி உதறும்போது கிளம்பும் ஈர மண்வாசனையும், பச்சை மல்லாட்டையைக் கடித்ததும் நாக்கில் ஊறும் பாலும் இன்றைக்கும் எனக்கு ஆகாது. விழுப்புரத்தில் வளர்ந்துவிட்டு மல்லாட்டை வேண்டாம் என்கிறவளை ஊர் சும்மா விடுமா? "இவளுக்கு ரொம்பத்தான் பவிசு" என்று சொல்லாத ஆளில்லை. சொல்லிவிட்டுப் போகட்டும்.

அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. கும்பகோணத்திலிருந்து மாற்றலாகி விழுப்புரம் வந்தபோது எனக்கு ஒன்பது வயது, தம்பி சீனுவுக்கு ஐந்து. டவுனின் கடைசித் தெருவில் வீடு; அதைத் தாண்டினால் காணை போகிற சாலையை ஒட்டிக் கரும்பும் மல்லாட்டையும்தான். இரண்டு வீடு தள்ளி இருந்த அந்தோணியம்மா அத்தை அங்கே கொஞ்சம் நிலத்தைப் பங்கு வாரத்துக்கு எடுத்துப் பயிர் வைத்திருந்தார். அவருடைய மகள் ஸ்டெல்லா அக்கா கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். லீவு நாளென்றால் போதும், "ஜல்தியா வாங்க, வெயில் ஏறிக்கினு போவுது" என்று எங்கள் இருவரையும் இழுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். பொன்வண்டு, பாம்புச்சட்டை, ஓணான் முட்டை, கிணற்றின்மேல் ஊஞ்சலாடும் தூக்கணாங்குருவிக் கூடுகள் என்று அவளோடு பார்த்ததற்கெல்லாம் கணக்கே கிடையாது.

புது ஊரில் எங்களுக்குப் பேச்சுதான் "பேஜாரு". கேழ்வரகுக்குக் "கேப்பை", வேர்க்கடலைக்கு "மல்லாட்டை" எல்லாம் புதுச்சொற்கள், கேட்டுத் தெரிந்துகொண்டோம். "கொல்லை" மட்டும் எங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த சொல். தெரிந்த சொல்லுக்கு யாராவது அர்த்தம் கேட்பார்களா? எங்கள் பக்கம் கொல்லை என்றால் வீட்டின் பின்புறம். "கொல்லைக்குப் போறேன்" என்றால் வெளிக்குப் போகிறேன் என்று பொருள். இவர்களுக்கோ கொல்லை என்பது பயிர் வைக்கிற மேட்டு நிலம். இது அம்மாவுக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியாது என்பது மற்றவர்களுக்குத் தெரியாது.

அந்தச் சனிக்கிழமை ஆள் கிடைக்காமல் அத்தை தனியாகவே செடி பிடுங்கிக்கொண்டிருந்தார். ஸ்டெல்லா அக்காவுக்குத் திண்டிவனம் போக பஸ் பிடிக்க வேண்டும்; எங்களைக் கிளப்பினாள். சீனு அசையவில்லை. குருவி கூட்டுக்குள் நுழைவதைப் பார்த்த பிறகுதான் வருவேன் என்று சாதித்தான். சரியென்று அவனை அத்தையிடம் விட்டுவிட்டு நாங்கள் இருவரும் பக்கத்திலிருந்த மேலக் கொல்லை வழியாகத் திரும்பினோம்.

எங்கள் வீட்டு வாசலில் நின்று ஸ்டெல்லா அக்கா சொன்னாள்: "சீனு வரமாட்டேன்றான்க்கா. கொல்லையில அம்மாகூட இருக்கான். அம்மா வரும்போது இட்டுக்கினு வரும்."

இரண்டு வீடு தள்ளிப் பின்புறத்தில்தானே விளையாடுகிறான் என்று நினைத்துக்கொண்டு, "இருக்கட்டும்டி, இங்க வந்தா என் உயிரை எடுப்பான்" என்று அம்மா சிரித்தாள். ஸ்டெல்லா அக்கா பஸ்ஸுக்கு ஓடினாள். அம்மா நிம்மதியாகச் சமைத்தாள், துணி துவைத்தாள், வானொலியில் பாட்டுக்கூடக் கேட்டாள்.

உச்சி வெயிலில் அத்தை தெருவில் வந்தார். தலையில் மல்லாட்டைச் செடிக்கட்டு, பக்கத்தில் யாருமில்லை.

"சீனு எங்கக்கா?" என்றாள் அம்மா.

"இன்னாம்மா, வூட்டுக்கு வரல? நீங்க கெளம்பினதுமே கொல்லைக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போனானே! மேலக் கொல்லையில ஸ்டெல்லாகிட்டத்தான் ஓடுறான்னு நெனைச்சேன்."

அம்மா வாசல்படி இறங்கினாள். "எந்தக் கொல்லைக்கா? உங்க வீட்டுக்குப் பின்னாடி இல்லையா?"

"வூட்டாண்ட ஏது கொல்லை? நம்ம நெலம்மா!"

அப்போதுதான் அம்மா அந்த வார்த்தையைச் சொன்னாள்: "ஐயோ, அவன் வெளிக்கு இருக்கப் போயிருக்கான்க்கா. கழுவத் தண்ணி தேடியிருப்பானே!"

அந்த நிலத்தில் தண்ணீர் என்றால் கிணறுதான். கைப்பிடிச்சுவர் இல்லாத கிணறு. அத்தை தலைச்சுமையை அப்படியே தெருவில் போட்டார். செடி சிதறி மண்வாசனை குப்பென்று கிளம்பியது. நாங்கள் ஓடினோம். அம்மாவின் காலில் செருப்புகூட இல்லை. "மாரியாத்தா, என் புள்ள" என்பதைத் தவிர வழியெல்லாம் அவள் வாயில் வேறு சொல் வரவில்லை.

கிணற்றின் முதல் படியில் சீனுவின் நீல டவுசர் கிடந்தது.

அம்மா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அத்தை சேலையை வரிந்து கட்டிக்கொண்டு குதித்தார். தண்ணீர் பச்சையாகக் கலங்கி மூடிக்கொண்டது. மேலே வந்தார், மூச்சு வாங்கினார், மறுபடி முங்கினார். குருவிகள் கத்திக்கொண்டு பறந்தன.

பின்னாலிருந்து சத்தம் வந்தது: "அம்மா, என் டவுசரைக் குடு."

மோட்டார் கொட்டகையின் தகரக் கதவிடுக்கில் சீனுவின் தலை. படியில் டவுசரைக் கழற்றியவன் கிணற்றைப் பார்த்துப் பயந்துபோய், கொட்டகையை ஒட்டிய தொட்டியில் மிச்சமிருந்த தண்ணீரில் கழுவியிருக்கிறான். அதற்குள் புல்லறுக்கப் பெண்கள் வந்துவிட, வெட்கப்பட்டு உள்ளே ஒளிந்தவன் அங்கேயே தூங்கிப்போயிருக்கிறான்! அம்மா அவனை அள்ளி முதுகில் நாலு வைத்து, அந்தக் கையாலேயே இறுக்கிக்கொண்டாள்.

ஆனால் அத்தை இன்னும் தண்ணீருக்குள். "கெடைச்சுட்டான்க்கா!" என்று அம்மா கத்தியது அவர் காதில் ஏறவேயில்லை. ஒவ்வொரு முறையும் முன்னைவிட நேரம் கழித்தே மேலே வந்தார். கண்ணைத் திறக்காமலே மறுபடி உள்ளே போனார். தேடித் தேடியே அவர் செத்துவிடுவார் என்று நான் நடுங்கினேன். நீச்சல் தெரியாத என் அம்மா பாசிப் படிகளில் உட்கார்ந்தபடியே தண்ணீர்வரை இறங்கி, அடுத்த முறை தலை தெரிந்ததும் கொண்டையைக் கொத்தாகப் பிடித்தாள்.

"புள்ள இருக்கான்க்கா! இருக்கான்!"

அத்தை நிமிர்ந்து அவனைப் பார்த்தார். "அடப் பேமானி, எங்கடா போன?" என்றவர் படியில் சாய்ந்து ஓவென்று அழுதார். அம்மாவும் அழுதாள். என்னவோ பெரிய குற்றம் செய்துவிட்டது புரிந்து சீனுவும் அழுதான்.

அத்தை இப்போது இல்லை. கிணற்றைத் தூர்த்துவிட்டார்கள். கொல்லையைக் கூறுபோட்டுக் கல் நட்டாயிற்று. அங்கே வளரும் பிள்ளைகள் அதைப் "பிளாட்டு" என்கிறார்கள். தூக்கணாங்குருவிகள் எங்கே போயினவோ, கேட்டால் சொல்ல ஆளில்லை.

அம்மா திண்டிவனத்தில் என்னோடு இருக்கிறாள். சீனுவுக்குச் சென்னையில் வேலை. முன்மண்டை வழுக்கை, இரண்டு பிள்ளைகள். சாயங்காலமானால் அம்மா தொடங்கிவிடுவாள்: "சீனு எங்கடி?"

"ஆபீஸ்லதான் இருப்பான்மா."

"எடத்தைச் சொல்லாத. நீ பேசினியா?"

எனக்கு எரிச்சல் வரும். இருந்தாலும் போன் போட்டு அம்மா காதில் வைப்பேன். எந்த வேலையில் இருந்தாலும் அவன் எடுத்துவிடுவான். என்ன ஏது என்று கேட்க மாட்டான். "இருக்கேன்மா" என்பான். அதைக் காதால் கேட்ட பிறகுதான் அவள் காப்பியைக் கையில் எடுப்பாள்.