அரக்கு வைத்த உறையும் சக்ரபாணியும்

டிபன் பாக்ஸின் மூடியைப் பாதிதான் திறப்பார் சக்ரபாணி. மீதிப் பாதிக்கு இடது கை காவல். எதிர் மேஜைக்காரர், "இன்னிக்கு என்ன சார் கொண்டாந்திருக்கிய?" என்று கேட்டால், "சோறுதான்" என்பார். அது என்ன சோறு என்பது அவருக்கும் அவர் வயிற்றுக்கும் இடையிலான விஷயம். புளியோதரை வாசனை அறை முழுக்கப் பரவி அவரைக் காட்டிக்கொடுக்கும் நாட்களில் மட்டும் முகம் கொஞ்சம் வாடிப்போகும்.

ராஜபாளையத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் ஹெட்கிளார்க். எந்த இலாகா என்று நான் எழுதப்போவதில்லை. தினமும் அவரோடு ஒரே பஸ்ஸில் போய் வருகிறவன் நான்; எனக்கும் நிம்மதி வேண்டும். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், மடவார் வளாகம் பக்கம். சாயங்காலம் டிக்கெட் எடுக்கும்போது கண்டக்டரின் காதருகே குனிந்து, "ஒரு வில்லிபுத்தூர்" என்று முணுமுணுப்பார். பஸ்ஸில் பாதிப் பேர் அங்கேதான் போகிறார்கள்.

"இவருக்கு ராஜபாளையத்துக்கு மாத்தல் ஆனதையே பால்காரர் சொல்லித்தான் தெரிஞ்சுக்கிட்டேன்" என்கிறார் அவர் மனைவி காஞ்சனா. "வாய்க்குப் பூட்டுப் போட்டிருக்காரு. சாவிய ஆபீஸ்ல வச்சிட்டு வந்துருவாரு போல."

ஆபீஸிலும் சாவி இல்லை. அவர் மேஜையைத் தாண்டும் காகிதம் எதுவானாலும் தலையில் 'ரகசியம்' என்று சிவப்பு மையில் முத்திரை வாங்காமல் போகாது. துடைப்பம் வாங்கிய பில்லுக்கும் அந்த மரியாதை உண்டு. அது எதற்கு என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். "எத்தன துடைப்பம்னு வெளிய தெரிஞ்சா, பொறவு ஏன் ஆபீஸ் குப்பையா கெடக்குன்னு கேப்பாங்கள்லா?" என்றார்.

கெட்ட மனிதர் இல்லை. பிறத்தியார் காசில் ஒரு காப்பி குடித்தவர் இல்லை. "கவர்மெண்டுங்கது ஒரு குடும்பம் சார். குடும்ப விஷயத்தத் தெருவுல போட்டு ஒடைக்கலாமா?" என்பதுதான் அவருடைய ஒரே வேதாந்தம். அந்த வேதாந்தத்தில் மாட்டிக்கொண்டு விழித்தவர் தவசிமுத்து.

தவசிமுத்து அந்த ஆபீஸ் ஜீப்பின் டிரைவர். கான்சாபுரத்துக்காரர். எண்பத்தேழில் ஒருநாள் அய்யனார் கோவில் அருவிக்குப் போகிற வழியில் ஜீப் புளியமரத்தில் மோதியது. யாருக்கும் அடி இல்லை, ஜீப்புக்கு மட்டும் மூக்கு உடைந்தது. அனுமதி இல்லாமல் வண்டியை எடுத்துப்போய்க் கவனக்குறைவாக ஓட்டினார் என்று சொல்லி வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். மதுரையிலிருந்து ஓர் இன்ஜினீயர் வந்து விசாரித்து, அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த அறிக்கையைத் தவசிமுத்துவின் கண்ணில் காட்டவே இல்லை.

அவர் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் வழக்குப் போட்டார். அறிக்கையைக் கொண்டுவரும்படி இலாகாவுக்கு உத்தரவிட வேண்டும் என்று அவருடைய வக்கீல் அபுபக்கர் கேட்டார். 'இது அரசின் உள்விவகாரம், வெளியிட்டால் பொது நலனுக்குக் கேடு' என்று இலாகா பதில் மனு கொடுத்தது. டைப் அடித்தவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. வழக்கு இழுத்துக்கொண்டே போனது. தவசிமுத்து மில்லுக்குக் கழிவுப் பஞ்சு ஏற்றும் வேன் ஓட்டினார், அதுவும் கூப்பிட்ட நாளில் மட்டும். அவர் மனைவி இசக்கியம்மாள் மில்லில் ஷிப்ட் வேலைக்குப் போனார்.

"திருடிட்டேன்னு சொன்னாக்கூட இல்லேன்னு சொல்லிருவேன் சார். என்ன எழுதிருக்குன்னே தெரியாம எதுக்குன்னு பதில் சொல்ல?" என்று தவசிமுத்து என்னிடம் கேட்டார்.

அறிக்கையோடு ஆள் வந்து விளக்க வேண்டும் என்று கோர்ட் உத்தரவு போட்டுக் குறித்த நாளில், வாடகைத் தகராறு ஒன்றுக்காக நானும் அங்கே இருந்தேன். அரக்கு வைத்த உறையை மார்போடு அணைத்துக்கொண்டு சாட்சிக் கூண்டில் ஏறினார் சக்ரபாணி. அபுபக்கர் தடித் தடியான சட்டப் புத்தகங்களைத் தயாராக அடுக்கியிருந்தார். நீதிபதிதான் முதலில் கேட்டார்:

"ரகசியம்னு சொன்னா மட்டும் போதாது. இது வெளிய வந்தா யாருக்கு என்ன கெட்டுப்போகும்? காரணம் சொல்லுங்க."

சக்ரபாணியிடம் காரணத்தை மரியாதையாகக் கேட்டவர் அதுவரை யாரும் இல்லை. முகம் மலர்ந்துவிட்டது.

"கெட்டுப்போகாதாய்யா? பிரேக் பிடிக்கலேன்னு டிரைவர் முன்னமே எழுதிக் குடுத்திருக்கான்னு இதுல இருக்கு."

அரசு வக்கீல் இருமினார். சக்ரபாணி நிற்கவில்லை.

"வண்டிய எடுக்கச் சொன்னதே எங்க பெரிய ஆபீசர்தான், அவிய வீட்டு ஆளுகள அருவிக்குக் கூட்டிட்டுப் போகன்னும் இருக்கு. டிரைவர் மேல குத்தமே இல்லேன்னு கடேசில எழுதிட்டாரு அந்த இன்ஜினீயர். இம்புட்டும் வெளிய தெரிஞ்சா டிபார்ட்மெண்ட் பேரு என்னத்துக்கு ஆகும்? நீங்களே சொல்லுங்கய்யா, இத ரகசியமா வைக்கணுமா வேண்டாமா?"

கோர்ட்டே குலுங்கிச் சிரித்தது. அபுபக்கர் புத்தகங்களை ஓரமாகத் தள்ளிவிட்டு, தமக்குக் கேள்வி ஏதும் இல்லை என்று உட்கார்ந்துவிட்டார். நீதிபதி உறையை வாங்கி உடைத்துப் படித்தார். "இதுல பொது நலன் எங்க இருக்கு? ஒரு வீட்டுச் சுற்றுலாதான் இருக்கு" என்றார். அறிக்கை ஆவணமாகச் சேர்ந்தது. எண்பத்தொன்பதில் தவசிமுத்துவுக்கு வேலை திரும்பக் கிடைத்தது.

ஆபீசர் சக்ரபாணிக்கு மெமோ கொடுத்தார். அதற்கு அவர் என்ன பதில் எழுதினார் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

கூண்டில் உளறினாரா, உதவினாரா என்று ஊரில் இரண்டு கட்சி உண்டு. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து நானே கேட்டேன். "அன்னிக்குத் தெரிஞ்சுதான சொன்னிய?" அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்து, "மேற்க கருத்திருக்கு, மழ வரும்போல" என்றார்.

போன வாரம் ஒருநாள் மழையில் இருவரும் பஞ்சு மார்க்கெட் நிறுத்தத்தில் நனைந்துகொண்டிருந்தோம். ஆபீஸ் ஜீப் வந்து நின்றது. "கோர்ட்டுக்குத் தபால் கொண்டு போறேன் சார், ஏறுங்க" என்றார் தவசிமுத்து. சக்ரபாணி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் பின்பக்கமாக ஏறினார். உட்கார்ந்ததும் முன்னால் சாய்ந்து, தவசிமுத்துவின் தோளில் கையை வைத்தார். இன்னும் ஏறாமல் வெளியே நின்று நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டார். சட்டென்று கையை எடுத்து, ஜீப்பின் படுதாவை இறக்கிவிட்டார்.