தூள் கடைக்கு வந்தவர்கள்

என் மனைவி குன்னூரில் தேயிலைத்தூள் கடை திறந்தது ஒரு தை மாத வெள்ளிக்கிழமை. நான் கிளார்க்காக இருந்த தேயிலை ஃபேக்டரி அதற்கு முந்தைய ஐப்பசியில் மூடப்பட்டிருந்தது. பஸ் ஸ்டாண்டிலிருந்து மேலே ஏறும் சாலையில், மருந்துக் கடைக்கும் ஸ்வெட்டர் கடைக்கும் நடுவே, இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வெளியே காத்திருக்க வேண்டிய சிறிய இடம். அவளுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. தனக்கென்று அவள் வைத்துக்கொண்ட முதல் காரியம் அதுதான்.

"ஏனுங்க, இது என்ர கடைங்க. நீங்க வந்து ஃபேக்டரி மாதிரி நடத்தப்புடாது," என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். இரண்டு வருடம் நான் அப்படியே இருந்தேன்.

கடை பெரிதாக ஓடவில்லை, நின்றுவிடவும் இல்லை. ஆனால் மூன்றாம் வருடம் இடத்துக்காரர் வாடகையை ஏற்றப்போவதாகச் சொன்னார். அப்போதுதான் நூலகத்திலிருந்து சிறு வியாபாரம் பற்றிய புத்தகம் ஒன்றை எடுத்து வந்தேன். எல்லாருக்கும் எல்லாவற்றையும் விற்க முயலாமல், வருகிறவர்களை வகை பிரித்து, நமக்கானவர் யாரென்று கண்டுகொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். எனக்கு அது புதிதாகத் தோன்றவில்லை. இருபத்தோரு வருடம் ஃபேக்டரியில் நான் பார்த்தது அதைத்தான். ஒரே கொழுந்து, சல்லடை மேல் சல்லடையாக இறங்கி, இலை தனியே, குருணை தனியே, டஸ்ட் தனியே மூட்டையாகிவிடும். மனிதர்களையும் அப்படிச் சலித்துவிடலாம் என்று நம்பினேன்.

பங்குனி முதல் தேதி, ஒரு நீள நோட்டுடன் கடையின் மூலையில் உட்கார்ந்தேன். நூறு நாள் என்று திட்டம். நாள், மணி, ஆணா பெண்ணா, எந்த ஊர், என்ன வாங்கினார், எவ்வளவு நேரம் நின்றார், அன்றைய வானிலை. நான்கு கட்டங்கள் போட்டேன்: வெளியூர்க்காரர், உள்ளூர்க் குடும்பம், டீக்கடை, மற்றவர்.

நான்காவது கட்டத்தில் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைப் பெண்கள் இருந்தார்கள். இலங்கைத் தோட்டங்களிலிருந்து சிறு வயதில் இங்கே வந்து, நம் எஸ்டேட்களில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர்கள். ஆறேழு பேர் சேர்ந்து டவுனுக்கு வந்து, கறியும் காயும் வாங்கியபின் கடைக்கு ஏறி வருவார்கள். ஆளுக்கு ஐம்பது கிராம் உதிரி டஸ்ட். அதற்கு அரைமணி நேரம் பேச்சு. யார் மகளுக்கு எங்கே வேலை, யார் வீட்டுக் கூரை காட்டெருமை முட்டிப் போனது, எல்லாம் அங்கேதான் வரும். என் மனைவி அவர்களுக்கு ஃப்ளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுப்பாள்.

அவர்களில் உயரமான ஒரு அம்மா என் நோட்டை எட்டிப் பார்த்தார்.

"என்னா தங்கச்சி, ஒன் வீட்டுக்காரரு கங்காணி மாதிரி பேரு பதியிறாரு? எனக்கு முழுப்பேரா, அரைப்பேரா?"

எஸ்டேட்டில் முழு நாள் வேலைக்கு முழுப்பேர், பாதி நாளுக்கு அரைப்பேர். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"ஒனக்கு அரைப்பேருதான்டி. ஐம்பது கிராமுக்கு முழுப்பேரு கேக்குது பாரு!" என்றார் இன்னொருவர்.

நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு, 'ஆறு பேர், ஐம்பது கிராம் வீதம், முப்பத்தைந்து நிமிடம், லேசான சாரல்' என்று எழுதினேன். அது என் கையெழுத்தில் இன்னும் இருக்கிறது.

நூறாவது நாள் ஆனி மாதத்தில் வந்தது. நோட்டு சொன்னது தெளிவாகவே இருந்தது: கடையைத் தாங்குவது வெளியூர்க்காரர். ஏலக்காய் டீ, சாக்லேட் டீ, மலை ரயில் படம் போட்ட டப்பா எல்லாம் வாங்குவது அவர்கள்தான். உதிரித் தூள் இடத்தையும் நேரத்தையும் தின்கிறது. ஆகவே உதிரி விற்பனையை நிறுத்தி, அந்த இடத்தில் கண்ணாடி அலமாரி வைக்க வேண்டும்.

"அந்தம்மாக்கள் எங்கீங்க போவாங்க?" என்றாள் மனைவி.

"எஸ்டேட்ல மாசாமாசம் தூள் குடுக்கறாங்க அம்மிணி. இவங்க பேசறதுக்குத்தான் வராங்க."

"அது வேலையில இருக்கறவங்களுக்குங்க. ரிட்டயர் ஆனவங்களுக்கு யாரு குடுப்பா?"

எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஃபேக்டரியில் மாதத் தூள் பட்டியலிலிருந்து ஓய்வு பெற்றவர்களின் பெயரை அடித்ததே நான்தான். ஆனாலும் நோட்டைத் திறந்து அவளுக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றேகால் மணி நேரம் பேசினேன். கடைசியில் அவள், "சரிங்க, உங்களுக்குத் தெரியாததா?" என்றாள். ஆடி முதல் வாரம் அலமாரி வந்தது. தராசை வீட்டுக்கு எடுத்து வந்தோம்.

அந்த ஞாயிறு பெண்கள் வந்தார்கள். நான்தான் பதில் சொன்னேன். உதிரி இல்லை, கால் கிலோ பாக்கெட்தான் சின்னது. உயரமான அம்மா அலமாரியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்லா இருக்கு தங்கச்சி, சாமி ரூம் மாதிரி," என்று சொல்லி இறங்கிப் போனார். என் மனைவி கையில் ஃப்ளாஸ்க்கைப் பிடித்தபடி நின்றிருந்தாள். அடுத்த ஞாயிறு நால்வர் வந்து, வாசலில் நின்றே நலம் விசாரித்துவிட்டுப் போனார்கள். அதற்கடுத்த ஞாயிறு யாரும் வரவில்லை.

வெளியூர்க்காரரும் குறைந்தார்கள். மழைக்காலம் என்றேன். மழை நின்ற பிறகு, மண்சரிவால் கீழிருந்து ஏறிவரும் பர்லியார் பாதை அடைபட்டது என்றேன். அடுத்த கோடையில் மலைக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது, அதைச் சொன்னேன். ஒவ்வொரு காரணத்தையும் தேதி போட்டு எழுதி வைத்தேன். ஆனால் சீசன் கூட்டம் எங்கள் வாசலைக் கடந்துதான் போய்க்கொண்டிருந்தது. அவள் உள்ளே தனியாக டப்பாக்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு புதன்கிழமை குந்தா பக்கம் ஒரு துக்க வீட்டுக்குப் போய்விட்டு, திரும்பப் பஸ் கிடைக்காமல் ஜீப் ஏறினேன். ஓட்டியவருக்கு முப்பது வயதிருக்கும். கண்ணாடியில் இரண்டு மூன்று முறை பார்த்துவிட்டு, "ஏனுங்ண்ணா, தூள் கடை அக்காவோட வீட்டுக்காரருங்களா?" என்றார். உயரமான அம்மாவின் மகனாம்.

"சீசன்ல உங்க கடைக்கு எத்தன பார்ட்டி கூட்டியாந்திருப்பேன்! நீங்க எழுதிட்டே இருப்பீங்க, நிமிர்ந்துகூடப் பாக்க மாட்டீங்க."

"இப்ப ஏனுங்க கூட்டியாறதில்ல?" என்று கேட்டேன்.

அவர் வளைவில் கியரை மாற்றினார். "கோவமெல்லாம் இல்லீங்ண்ணா. மத்த கடையில கமிஷன் குடுப்பாங்க. நம்ம அக்கா கடைக்கு அம்மா சொல்லும், 'அந்தத் தங்கச்சி கடைக்குக் கூட்டிப் போடா'ன்னு. வாராவாரம் கடைக்குப் போயிட்டு வந்து சொல்லும். எங்க லைன்ல ஓட்டுற பசங்க எல்லார்கிட்டயும் சொல்லும். அப்புறம் சொல்லறதில்ல."

வீட்டுக்கு வந்ததும் நோட்டை எடுத்துப் பார்த்தேன். 'வெள்ளை ஜீப், சென்னைக் குடும்பம், ஐந்து பேர், சாக்லேட் டீ.' அதே ஜீப் பதினோரு இடங்களில் இருந்தது. ஓட்டி வந்தவர் எதுவும் வாங்கவில்லை. ஆகவே நான் எழுதவில்லை. யார் சொல்லி வந்தீர்கள் என்று கேட்கவும் நான் கட்டம் போடவில்லை.

அன்றே அவளிடம் சொல்லிவிட்டேன். "எனக்கு அது தெரியுமுங்க," என்றாள். பிறகு, "உங்க நோட்டுல வேற மாதிரி இருந்துச்சா, அதனால ஒருவேளை நான்தான் தப்போன்னு நெனச்சேன்," என்றாள். அவள் என்னைத் திட்டியிருக்கலாம்.

தராசைத் திரும்பக் கொண்டுபோய் வைத்தோம். மூன்று ஞாயிறு காத்திருந்தோம். மூன்றாவது ஞாயிறு உயரமான அம்மா மட்டும் ஏறி வந்தார். மூச்சு வாங்கியது. அவர்களில் இருவர் மகன் வீட்டோடு திருப்பூர் போய்விட்டார்களாம். ஒருவர் மாசியில் இறந்துவிட்டாராம். மற்றவர்கள் எஸ்டேட் லைன் வீடுகளுக்கே வரும் மளிகை வேனில் தூள் வாங்கிக்கொள்கிறார்களாம்.

"நா இன்னிக்கு ஒன்னப் பாக்கத்தான் வந்தேன் தங்கச்சி. தூளு இருக்கு வீட்டுல," என்றார். இருந்தும் ஐம்பது கிராம் வாங்கிக்கொண்டார்.

அவர் படியிறங்கிப் போகும்வரை என் மனைவி வாசலில் நின்றாள். உள்ளே வந்து, "மூடிரலாங்க," என்றாள். கார்த்திகை கடைசி நாள், திங்கட்கிழமை, இடத்துக்காரரிடம் சாவியைக் கொடுத்தோம்.

இப்போது அவள் ஊட்டி ரோட்டில் ஒரு பெரிய டீ ஷோரூமில் பாக்கெட் போடுகிறாள். தலைக்குத் தொப்பியும் கைக்கு உறையும் உண்டு. காலை எட்டு மணி பஸ், மாலை ஆறே காலுக்குத் திரும்புகிறாள். முன்பெல்லாம் சமைத்துக்கொண்டே ஒவ்வொருவர் கதையாகச் சொல்வாள். போன சனிக்கிழமை, பேச்சு ஏதாவது வரட்டும் என்று, "இன்னிக்கு யாரெல்லாம் வந்தாங்க?" என்று கேட்டேன்.

அரிசி களைந்துகொண்டிருந்தவள் திரும்பவில்லை.

"கூட்டம்ங்க," என்றாள்.